காளையின் வம்சமும் கன்றின் கணக்கும்

நம் நாட்டுச் சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்பது நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்லைப் பார்ப்பதற்கு முன் சுழியைப் பார்க்கிறார். இந்தச் சுழி குடும்பத்தை வாழவைக்குமா, அந்தச் சுழி குடும்பத்தைக் கெடுக்குமா என்று தரகரைக் கேட்கிறார். தரகரும், எந்தச் சுழியைச் சொன்னால் விலை ஏறும், எதைச் சொன்னால் இறங்கும் என்று மனதிற்குள் கணக்குப் போட்டுக்கொண்டே சாஸ்திரம் சொல்லுகிறார். மாட்டின் மயிர் வளைந்திருக்கிற விதத்திற்கும், வாங்குகிறவனுடைய பெண்டு பிள்ளைகளின் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "பெரியவர்கள் சொன்னது" என்பதற்கு மேல் பதில் கிடையாது.

இந்தப் பைத்தியம் நமக்கு மாத்திரந்தான் உண்டு என்று நினைத்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. விஞ்ஞானத்தில் முன்னேறியதாகச் சொல்லப்படும் அமெரிக்காவில், இறைச்சிக்காக மாடு வளர்க்கும் குடியானவர்கள் வேறு இரண்டு சுழிகளை நம்பி நஷ்டப்பட்டார்கள். ஒன்று வம்சாவளி, மற்றொன்று கண்காட்சிப் பரிசு. அவர்கள் ஏமாந்த விதத்தையும், பிறகு எண்ணிப் பார்த்தும் பரீட்சை செய்து பார்த்தும் தேறிய விதத்தையும் நம்மவர்கள் அறிவது நலம் என்று கருதியே இவ்வாரம் இதைத் தலையங்கமாக எழுதுகின்றோம். மாட்டிறைச்சி என்ற சொல்லைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கனவான்கள், இந்தியாவிலிருந்து வருஷந்தோறும் கப்பல் கப்பலாக எருமை இறைச்சி வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருப்பதை நினைத்துக்கொண்டு, மூக்கை விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

முதலில் அந்தக் குடியானவனுடைய பிழைப்பு எதைப் பொறுத்தது என்று பார்ப்போம். அவன் பால் கறந்து விற்பவனல்ல. வருஷத்திற்கு ஒரு பசு ஒரு கன்று போட வேண்டும். அது ஆறு ஏழு மாதம் தாய்ப்பால் குடித்து, புல் மேய்ந்து, எடை போட்டு விலைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய வரும்படி. பசு சினையாக இருக்கும் காலம் சுமார் 283 நாள். வருஷத்திற்கு 365 நாள். ஆகவே கன்று போட்ட பசு 82 நாளுக்குள் மறுபடியும் சினைப்படாவிட்டால், அடுத்த வருஷக் கன்று தள்ளிப் போகும். தள்ளிப் பிறந்த கன்று எடை குறைந்து விற்கும். சினையே ஆகாத பசுவோ வருஷம் முழுவதும் தின்றுவிட்டு வெறுங்கையைக் காட்டும். இது இப்படியிருக்க, ஒரு பொலிகாளையை ஒரு பருவத்தில் 25 பசுக்கள் வரையில் விடுவது அங்கு வழக்கம். பசு ஒன்று கெட்டதாக அமைந்தால் ஒரு கன்று நஷ்டம். காளை கெட்டதாக அமைந்தால் 25 கன்று நஷ்டம். அத்துடன் அந்தக் காளையின் கிடாரிகள் மந்தையிலேயே நின்று, இன்னும் பத்து வருஷத்திற்கு அதன் குணத்தைப் பரப்பிக்கொண்டிருக்கும். எனவே, எந்தக் காளையை வாங்குவது என்பதுதான் அவனுக்கு வாழ்வா சாவா என்கின்ற கேள்வி.

இக்கேள்விக்கு அவன் எங்கே பதில் தேடினான் என்றால், வம்சாவளிப் புத்தகத்தில் தேடினான். இங்கிலாந்திலிருந்து போன ஹியர்போர்டு என்ற சிவப்பு உடலும் வெள்ளை முகமும் உள்ள ஜாதி மாட்டுக்கு அமெரிக்காவில் 1881லும், ஸ்காட்லாந்திலிருந்து போன ஆங்கஸ் என்ற கறுப்பு மாட்டுக்கு 1883லும் சங்கங்கள் ஏற்பட்டு, எந்தக் காளைக்கு எந்தக் கன்று பிறந்தது என்று பதிவு செய்து வந்தார்கள். இப்படிப் பதிவு செய்வதில் தப்பொன்றுமில்லை. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று தெரிந்துகொள்வது நல்லதே. ஆனால் நாளடைவில் என்ன ஆயிற்று? மாட்டின் யோக்கியதை போய் மாட்டின் பாட்டன் பெயர் நின்றது. "இது இன்ன காளையின் பேரன்" என்று சொன்ன மாத்திரத்தில் ஏலத்தில் விலை ஏறிற்று. அந்தப் பேரன் தின்ற தீனிக்கு எத்தனை ராத்தல் எடை ஏறினான், அவனுக்குப் பிறந்த கன்றுகள் எப்படியிருந்தன என்று கேட்பவர் மிகச் சிலர். பிறப்பைச் சொல்லிப் பெருமை வாங்கும் வித்தை எங்கும் இப்படித்தான் நடக்கிறது போலும்!

இதோடு கண்காட்சிப் பரிசும் சேர்ந்துகொண்டது. 1930களிலும் 1940களிலும் அங்குள்ள கண்காட்சி நடுவர்களுக்குக் குட்டைக் காலும், அகன்ற உடலும், பெட்டியைப் போன்ற கட்டும் உள்ள மாடுகளின் மேல் ஒரு மோகம். எவ்வளவு குட்டையோ அவ்வளவு உசத்தி. நடுவர் கையினால் ஒரு நாடாவைக் கட்டிவிட்டால் அந்தக் காளைக்கு நாடெங்கும் கிராக்கி.

அதன் பலன் கன்று போடும் கொட்டிலில் தெரிந்தது. பிரசித்தி பெற்ற வம்சத்து மந்தைகளில், நெற்றி புடைத்து, முகம் சப்பி, வயிறு உப்பி, மூச்சுவிடும்போது கொர் கொர் என்று சத்தமிடும் குள்ளக் கன்றுகள் பிறந்தன. அவை வளர்வதில்லை, பெரும்பாலும் இளமையிலேயே சாகும், பிழைத்தாலும் வாங்குவாரில்லை. தகப்பன் காளையைப் பார்த்தாலோ பரிசு வாங்கிய காளை. தாயைப் பார்த்தாலோ குறை சொல்ல முடியாத பசு. இது எப்படி நேர்ந்தது? ஒவ்வொரு பிராணியும் ஒவ்வொரு குணத்துக்கும் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு வித்துகளைப் பெறுகிறது. குள்ள வித்து ஒன்று மாத்திரம் இருந்தால் மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதை மறைவாகச் சுமந்துகொண்டிருக்கும். சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேர்ந்தால், சராசரி நாலு கன்றில் ஒன்று குள்ளன், இரண்டு சுமப்பவை, ஒன்றுதான் சுத்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வித்தைச் சுமக்கும் மாடுகள் சற்றுக் குட்டையாகவும் கட்டாகவும் இருந்தபடியால், நடுவர்கள் அவற்றையே பொறுக்கியெடுத்துப் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்று அக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கருதினார்கள். அதாவது வியாதிக்கே நாடா கட்டினார்கள் என்று அர்த்தம்.

இதைக் கண்டவுடன் பெரிய மந்தைக்காரர்கள் ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால் காரியம் இவ்வளவு முற்றியிராது. ஆனால் அநேகர் மறைத்தார்கள். ஒரு குள்ளக் கன்று பிறந்த செய்தி வெளியே போனால் மந்தை முழுவதற்கும் விலை போய்விடும் என்ற பயம். கன்றைப் புதைத்தார்கள், காளையை விற்றார்கள். வாங்கியவன் மந்தையில் வித்து பரவிற்று. கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக உண்மையைப் புதைப்பதென்பது மனிதர் குடும்பங்களிலும் நாம் பார்க்காததல்ல.

1950களில் விஷயம் மறைக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. சர்வகலாசாலைக்காரர்கள் மும்முரமாக வழி தேடினார்கள். காளையின் நெற்றி மேட்டை அளந்து சொல்ல ஒரு கருவி செய்தார்கள். பிறந்த கன்றின் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இவை நிச்சயமான முடிவைத் தரவில்லை என்று கண்டதும் கைவிட்டார்கள். இவ்விடத்தில் நமது சுழி சாஸ்திரிகளுக்கும் அவர்களுக்குமுள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நெற்றியை அளந்த அந்தக் கருவியும் ஒருவிதச் சுழி சாஸ்திரம்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பலிக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை என்றதும் எறிந்துவிட்டார்கள். நமது சாஸ்திரம் பலிக்கிறதா என்று இதுவரை எண்ணிப் பார்த்தவர் யார்?

கடைசியில் நம்பத்தக்கதாக நின்றது சந்ததிப் பரீட்சை ஒன்றே. குள்ளக் கன்று போட்டதாக ருஜுவான பசுக்களோடு சந்தேகப்பட்ட காளையைச் சேர்த்து, 16 கன்றுகள் பிறந்தும் அவற்றில் ஒன்றுகூடக் குள்ளனில்லையென்றால், அந்தக் காளை சுத்தம் என்று நூற்றுக்கு 99 பங்கு நம்பலாம். சுமக்கும் காளையாக இருந்தால் ஒவ்வொரு கன்றும் தப்புவதற்கு நாலில் மூன்று பங்கு வாய்ப்பு. பதினாறும் தப்புவதற்கு நூற்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. கணக்குத் தெரிந்த பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இதற்குச் செலவும் காலமும் அதிகம். ஆகவே பெரும்பாலோர் சுலபமான வழியில் இறங்கினார்கள். எந்த வம்சத்தில் குள்ளன் பிறந்ததாகத் தெரிந்ததோ, அந்த வம்சம் முழுவதையும் கசாப்புக்கு அனுப்பினார்கள். "சுத்த வம்சாவளி" என்று விளம்பரம் செய்து மற்றதை விற்றார்கள்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். சுமக்கும் காளையின் மகனுக்கு அந்த வித்து வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மற்றப் பக்கத்து முன்னோரெல்லாம் சுத்தமானால், பேரனுக்கு நாலில் ஒன்று. கொள்ளுப்பேரனுக்கு எட்டில் ஒன்று. அப்படியானால் வம்சப் பெயரைக் கண்டு வெட்டப்பட்ட எட்டுக் கொள்ளுப்பேரன்களில் ஏழு யாதொரு குற்றமும் இல்லாதவை! பாட்டன் பெயரைக் கண்டு விலையை ஏற்றிய அதே முட்டாள்தனம், பாட்டன் பெயரைக் கண்டு கத்தியையும் தூக்கிற்று. முன்பு பெயருக்குப் பூஜை. பின்பு பெயருக்குத் தண்டனை. இரண்டிலும் எதிரே நின்ற மாட்டைப் பார்த்தவர் இல்லை.

அந்தச் சமயத்தில் மான்டனா மாகாணத்து மைல்ஸ் சிட்டி என்ற ஊரில் உள்ள சர்க்கார் ஆராய்ச்சிப் பண்ணையின் மாடுகள் தலையெடுத்தன. அங்கே 1934 முதல், ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு ஹியர்போர்டு காளைகளிலிருந்து "முதல் வரிசை" என்று ஒரு மந்தையை வளர்த்து வந்தார்கள். அம்மந்தை கண்காட்சிக்காக வளர்க்கப்பட்டதல்ல. எந்தக் கன்று எத்தனை ராத்தல் வளர்ந்தது என்று தராசில் நிறுத்து எழுதி, அதைக்கொண்டு காளைகளைத் தேர்ந்தார்கள். அதில் குள்ளத் தொல்லையில்லை என்று கண்டதும், முன்பு அதைத் திரும்பிப் பாராதவர்களும் தேடி வந்தார்கள். 2009ஆம் வருஷத்தில் பசுவின் மரபணு முழுவதையும் முதன்முதலாகப் படித்து வெளியிட்டபோது, அதற்காக எடுத்துக்கொள்ளப்பட்ட பசுவும் அம்மந்தையைச் சேர்ந்ததே.

அதற்கு முந்திய வருஷமாகிய 2008ல் ஆங்கஸ் மாட்டுக்காரர்களுக்கு இதேமாதிரி ஒரு சோதனை வந்தது. முதுகெலும்பு கோணி, கால்கள் விறைத்து, மெலிந்து, செத்துப் பிறக்கும் கன்றுகள் அங்கங்கே காணப்பட்டன. விசாரித்ததில், மிகப் பெயர்பெற்ற ஒரு காளையின் வழியில் வந்த மாடுகள் இருபுறமும் சேர்ந்த இடங்களில் இது நேர்கிறது என்று தெரிந்தது. அந்தக் காளைக்கு நாடெங்கும் ஆயிரக்கணக்கில் சந்ததி. 1950களாயிருந்தால் மறுபடியும் புதைப்பதும், பின்பு வெட்டுவதுமாக முடிந்திருக்கும். இந்தத் தடவை சங்கமே விஷயத்தை வெளியிட்டது. இல்லினாய் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் சில மாதங்களுக்குள் அந்த வித்தைக் கண்டுபிடிக்கும் பரீட்சையைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியே பரீட்சித்தார்கள். பெயர்பெற்ற காளையின் பேரனாயிருந்தும் வித்து இல்லாதது சுத்தம் என்று பதிவாயிற்று. வித்து உள்ளது சுமப்பது என்று எல்லோரும் காணும்படி பதிவாயிற்று. அதைச் சுத்தமான காளையோடு சேர்த்தால் கோணல் கன்று பிறக்காது என்ற அறிவும் கூடவே பரவிற்று. குலத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பது என்றால் இதுதான்.

நிற்க, வம்ச விஷயம் இப்படியென்றால் வியாதி விஷயத்தில் கண் செய்த மோசம் இதைவிடப் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்ஸாஸ் முதலிய தென்பகுதிகளிலிருந்து மாடுகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போவார்கள். அவை போன வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு, சிவப்பாக மூத்திரம் பெய்து, கும்பல் கும்பலாகச் செத்தன. தெற்கத்தி மாடுகளோ கொழுகொழுவென்று இருந்தன. "எங்கள் மாட்டுக்கு ஒரு நோயுமில்லையே, அது எப்படி உங்கள் மாட்டைக் கொல்லும்?" என்று தெற்கத்தியார் கேட்டார்கள். வடக்கத்தியார் துப்பாக்கியோடு எல்லையில் நின்று மந்தைகளைத் திருப்பியடித்தார்கள். உண்ணிதான் காரணம் என்று சில குடியானவர்கள் சொன்னபோது படித்த வைத்தியர்கள் சிரித்தார்கள்.

தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு சர்க்கார் ஆராய்ச்சியாளர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் தனித்தனி வேலி போட்டு, ஒன்றில் உண்ணியோடு கூடிய தெற்கத்தி மாட்டையும், ஒன்றில் உண்ணியையெல்லாம் கையால் பொறுக்கிய தெற்கத்தி மாட்டையும் வடக்கத்தி மாடுகளோடு விட்டார்கள். இன்னொன்றில் தெற்கத்தி மாடேயில்லாமல் உண்ணியை மட்டும் புல்லில் போட்டார்கள். உண்ணி இருந்த இடத்தில் மாடுகள் நோய் கண்டன. பொறுக்கிவிட்ட இடத்தில் தப்பின. 1893ல் இதை வெளியிட்டார்கள். தெற்கத்தி மாடுகள் கன்றுப் பருவத்திலேயே அந்நோய்ப்பட்டுத் தேறியவை. அதனால் அவை வாடாமல், கிருமியை மட்டும் இரத்தத்தில் வைத்திருந்தன. கிருமியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோனது உண்ணி. 1906 முதல் சர்க்கார் முனைந்து, மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கியெடுக்கும்படி செய்தது. அநேக இடங்களில் குடியானவர்கள் கோபங்கொண்டு தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1943க்குள் மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய ஒரு காவல் பட்டை தவிர மற்றெங்கும் அந்த உண்ணி ஒழிந்தது. உண்ணியையும் உஷ்ணத்தையும் தாங்குவதற்காக அவர்கள் நம் பக்கத்து ஓங்கோல் முதலிய திமிலுள்ள மாடுகளை வாங்கிக்கொண்டுபோய்ப் புது ஜாதி உண்டாக்கியதும் ஒரு தனிக்கதை.

இன்றைக்கும் அங்கே மந்தைகளைக் கெடுப்பவற்றில் இப்படி ஒளிந்திருக்கும் நோய் ஒன்று உண்டு. வைரஸால் உண்டாகும் ஒருவிதக் கழிச்சல் அது. பசு சினையாயிருக்கும் முதல் நாலு மாதத்தில், அதாவது 40வது நாளிலிருந்து 125வது நாள் வரையில், இது தொற்றினால் வயிற்றிலுள்ள கன்று அந்த வைரஸைத் தன் உடம்பின் பாகம் என்றே எண்ணிக்கொள்கிறது. பிறந்த பின் ஆயுள் முழுவதும் அதை மற்ற மாடுகளுக்குக் கொட்டிக்கொண்டேயிருக்கிறது. சில கன்று நோஞ்சானாகப் பிறந்து சாகும். சில பார்க்க லட்சணமாகவே இருக்கும். அந்த லட்சணமான கன்று ஒன்று மந்தையில் நின்றால் பசுக்கள் சினைப்படாமலும் கருச்சிதைந்தும் போகும். கண்டுபிடிக்கும் வழியோ மிகச் சுலபம்: கன்றின் காதில் ஒரு சிறு துண்டை நறுக்கிப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டும்.

பொலிகாளை விஷயமும் அப்படியே. திமிர்த்து நிற்கும் காளைக்குப் பொலியும் சக்தி இருக்கும் என்று யாரும் நம்புவார்கள். மிருக வைத்தியர் விந்தை எடுத்து பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். நூற்றுக்கு 70 பங்கு சரியான உருவத்தோடும், 30 பங்காவது முன்னேறி நகரும்படியும் இருக்க வேண்டும். விதைப்பையின் சுற்றளவு, 15 மாதம் வரையிலுள்ள காளைக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. தேறாத காளை பார்வைக்கு எவ்வளவு பெரிய வீரனாயிருந்தாலும் தேறாததுதான்.

இனி, காளையின் வம்ச யோக்கியதையை இன்று எப்படிச் சொல்லுகிறார்கள் என்றால், எண்ணால் சொல்லுகிறார்கள். 1968ல் மாட்டுக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் கூடி, எடை எடுப்பதற்கும் கணக்கு வைப்பதற்கும் ஒரே முறையை வகுக்க ஒரு சம்மேளனம் ஏற்படுத்தினார்கள். 1971ல் சிம்மென்டல் என்ற ஜாதி மாட்டுச் சங்கம் காளைகளின் சந்ததிக் கணக்கை நாடு முழுவதற்கும் சேர்த்து வெளியிட்டது. மற்றவர்களும் பின்பற்றினார்கள். ஒரு காளைக்குப் பால்குடி மறக்கும் எடையில் 20 என்றும், மற்றொன்றுக்கு 60 என்றும் போட்டிருந்தால், ஒரேமாதிரி பசுக்களில் இரண்டாவதன் கன்றுகள் சராசரி 40 ராத்தல் அதிகம் நிறுக்கும் என்று பொருள். பக்கத்திலேயே அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஓர் எண் இருக்கும். கன்று பிறந்து பிறந்து கணக்கு ஏற ஏற, நம்பிக்கையும் ஏறும், எண்ணும் மாறும். எங்கள் சொல் மாறாது என்று அவர்கள் சொல்வதில்லை.

எண்ணையும் கும்பிடலாகாது என்பதை அவர்கள் பட்டுத்தான் கற்றார்கள். குள்ளனைக் கண்டு பயந்தவர்கள் 1970களிலும் 1980களிலும் நெட்டை மாட்டின் பின்னால் ஓடினார்கள்; நடுவர்களும் அதற்கேற்ப நாடாவை மாற்றிக் கட்டினார்கள். வளர்ச்சி எண் ஒன்றையே துரத்தினவர்களின் தலைச்சன் கிடாரிகள் பெருத்த கன்றை ஈன முடியாமல் செத்தன. பசுக்கள் பெருத்து, தின்கிற தீனியும் பெருத்தது. எனவே இப்போது புத்தியுள்ளவர்கள் கிடாரிக்குச் சேர்க்கும் காளையில் முதலில் பார்ப்பது கன்று சுலபமாக வெளிவருமா என்ற எண்ணையே.

இவ்வளவும் சொன்னதால் அந்நாட்டுக் குடியானவரெல்லாம் இப்படி நடக்கிறார்கள் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. அங்கே இறைச்சி மாடு வைத்திருப்போரின் மந்தை சராசரி 50 பசுவுக்கும் குறைவு. பலருக்கு வேறு உத்தியோகமும் உண்டு. 2007-08ல் அமெரிக்க விவசாய இலாகா எடுத்த கணக்கில், பசு சினையா என்று கைவைத்துப் பரீட்சித்தவர்களும், காளையின் விந்தைப் பரீட்சித்தவர்களும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே. மற்றவர்கள் "என் தகப்பனார் பார்க்காததை நான் பார்ப்பானேன்" என்கின்ற கூட்டம். அந்தக் கூட்டம் இல்லாத தேசம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்படிப்பட்டவரிடம் வேலை செய்வதற்கென்றே 1914ஆம் வருஷச் சட்டத்தின்படி, சர்வகலாசாலைகளின் சார்பில் ஜில்லாதோறும் ஒரு விவசாய ஆலோசகர் இருக்கிறார். அவர் போனவுடன் மரபணுவைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை பசுவைக் காளையோடு விட்டாய், எத்தனை கன்று போட்டன, எத்தனை கன்று விற்றாய் என்று மூன்று கேள்வி கேட்கிறார். பெரும்பாலோருக்கு மூன்றாவதற்கு மட்டுமே பதில் தெரியும், பணம் வந்ததனால். முதல் இரண்டும் தெரிவதற்காக ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் கட்டச் சொல்லுகிறார். பசுவின் முதுகையும் விலாவையும் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்பது வரையில் உடற்கட்டுக்கு மார்க்குப் போடச் சொல்லிக்கொடுக்கிறார். கன்று போடும்போது ஐந்துக்குக் குறைந்த பசு அந்த 82 நாளுக்குள் சினைப்படுவது கஷ்டம்; அதற்குத் தீனி போட வேண்டியது கன்று போட்ட பிறகல்ல, அதற்கு முன்பே. சட்டைப் பையில் வைக்கத்தக்க ஒரு சிறு சிவப்புப் புத்தகமும் அவர்களுக்குக் கிடைக்கிறது. பசுவின் எண், கன்று பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பிறந்த எடை ஆகியவற்றை அதில் எழுதுகிறார்கள். தானாக ஈன்றதற்கு 1, சற்று உதவி செய்ததற்கு 2, பலமாக இழுத்ததற்கு 3, வயிற்றை அறுத்து எடுத்ததற்கு 4, கன்று புரண்டு வந்ததற்கு 5 என்று, ஈற்றுக் கஷ்டத்தையும் கொட்டிலில் நின்றபடியே குறித்துக்கொள்ளுகிறார்கள்.